கிரேன் ஏறிய கேன்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் கொஞ்சம் யோசிப்பார். "தண்ணி டாக்டர்" என்று கேட்டால் யோசிக்கமாட்டார். "ரெண்டாவது மாடி, லிஃப்ட்ட விட்டு இறங்கினதும் இடது பக்கம், கூட்டம் இருக்கிற ரூம்" என்று கையைக் காட்டிவிடுவார்.

சிறுநீரகத்துக்கான ஸ்பெஷலிஸ்ட் அவர். வருகிறவர்களிடமெல்லாம் இருபத்தாறு வருஷமாக "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பட்டம் அது. அதனால் வம்பும் வந்திருக்கிறது. ஒருமுறை ஒரு அம்மா தன் கணவனைச் சட்டைக் காலரைப் பிடித்தபடியே இழுத்து வந்து எதிரே உட்காரவைத்தார்.

"டாக்டர், தினமும் சாயங்காலம் ஆனா தண்ணி போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வர்றார். நீங்கதான் எப்படியாவது நிறுத்தணும்."

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நான் குடிக்க வைக்கிற டாக்டர்மா. நிறுத்த வைக்கிற டாக்டர் கீழ் மாடியில இருக்கார்."

கணவன் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அந்த அம்மா அதை ஒரே முறைப்பில் அணைத்துவிட்டு அவரைக் கீழ் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டருக்கு ஐம்பத்து நாலு வயது. அப்பா தெருத் தெருவாகப் போய்க் குழாய் ரிப்பேர் பார்த்தவர். "அப்பா வீட்டுக் குழாயப் பாத்தார், நான் உடம்புக் குழாயப் பாக்கறேன். அவர்கிட்ட ஸ்பேனர் இருந்துச்சு, எங்கிட்ட இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். போன் செய்தால் அம்மா முதலில் கேட்பது "சாப்பிட்டியா" அல்ல என்று தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

டாக்டரின் அறைக்கு எதிர் அறை, கல் எடுக்கும் சர்ஜனுடையது. சிறுநீரகத்தில் கல் வந்து துடிப்பவர்கள் முதலில் ஓடுவது அவரிடம்தான். லேசரால் உடைப்பார், சிறு குழாய் விட்டு எடுப்பார், எடுத்ததை ஒரு குட்டி டப்பாவில் போட்டுக் கையில் கொடுப்பார். வலி போன சந்தோஷத்தில் நோயாளிகள் அவருக்கு இனிப்புப் பெட்டி கொண்டு வருவார்கள். அவர் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "இது மறுபடி வராம இருக்கணும்னா எதிர் ரூமுக்குப் போங்க" என்று நம் டாக்டரிடம் அனுப்பிவைப்பார். வராமல் பார்த்துக்கொள்கிற வேலைக்கு இனிப்பு ஏது? "டாக்டர், இந்த வருஷம் எனக்குக் கல் வரல" என்று சொல்வதற்காக யாரும் பஸ் ஏறி வந்ததில்லை. டாக்டருக்கு அதில் பெரிய வருத்தமும் கிடையாது. சர்ஜனின் இனிப்புப் பெட்டி எப்படியும் மதியத்துக்குள் இந்தப் பக்கம் வந்துவிடும்.

சொந்தக்காரர்கள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சரி, அவர் தட்டில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வரும். "ரெண்டு நாளா கொஞ்சம் மஞ்சளா போகுது அண்ணி, இந்தக் கலர் இருக்கே, இந்தக் கலர்" என்று பரிமாறிய குழம்பையே நாத்தனார் காட்டியிருக்கிறார். தக்காளி விதையால்தான் கல் வருகிறது என்று அந்த நாத்தனாருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. தக்காளியை வெட்டி, ஊசியால் ஒவ்வொரு விதையாக எடுத்துவிட்டு, அதன்பின் கைநிறைய உப்பைப் போட்டுச் சமைப்பார்.

இப்படியாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் கிரேன்காரர் வந்தார்.

துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகக் கண்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்கும் ராட்சசக் கிரேன்களில் ஒன்றை ஓட்டுகிறவர். நாற்பத்தோரு வயது, பேச்சு குறைவு. சர்ஜன் அவருக்கு ஒரு வருஷம் வலது பக்கத்தில் கல் எடுத்தார், அடுத்த வருஷம் இடது பக்கத்தில் எடுத்தார். இரண்டு தடவையும் எதிர் அறைக்கு வந்து டாக்டரின் பிரசங்கத்தைத் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனார். உப்பைக் குறைக்க வேண்டும், பாக்கெட் தீனியை விட வேண்டும், மாமிசம் அளவாக. பாலை நிறுத்த வேண்டாம், அதிலுள்ள கால்சியத்தால் கல் வராது, நிறுத்தினால்தான் வர வாய்ப்பு அதிகம். தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர். எலுமிச்சை பிழிந்து குடித்தால் இன்னும் நல்லது.

"பீர் குடிச்சா கல் அடிச்சிட்டுப் போயிடும்னு எங்க ஆளுங்க சொல்றாங்க டாக்டர்."

"கல் போகுமோ போகாதோ, வேலை போயிடும். தண்ணியே குடிங்க."

"சரிங்க டாக்டர்."

மூன்றாவது வருஷம் மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை நடந்ததை அவர் விவரித்தபோது டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"பெட்டிய கப்பல்லேர்ந்து தூக்கிட்டேன் டாக்டர். இருபது டன்னுக்கு மேல இருக்கும். பாதி தூரம் வந்திருக்கும், முதுகுப் பக்கம் யாரோ கத்திய விட்டுத் திருகின மாதிரி ஒரு வலி. கீழ லாரி நிக்குது, லாரிக்குள்ள டிரைவர் இருக்கார். கையை எடுத்தா எல்லாம் போச்சு. பல்லக் கடிச்சிக்கிட்டு, ஒரு இஞ்ச் ஒரு இஞ்ச்சா இறக்கி, லாரி மேல உக்கார வச்சப்புறம்தான் சீட்டுலேர்ந்து கீழ விழுந்தேன். மேலேர்ந்து என்னைக் கட்டி இறக்க ஒரு மணி நேரம் ஆச்சு."

"லாரிக்காரருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"அவருக்கு நடந்ததே தெரியாது டாக்டர். இன்னைக்கு ஏன் இவ்வளவு லேட்டு பண்றான்னு திட்டிக்கிட்டு இருந்தாராம்."

டாக்டர் இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பினார். எல்லோருக்கும் வருகிற சாதாரண வகைதான். ரத்தத்தில் எல்லாம் சரி. மிச்சம் இருந்தது ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை. அதற்கென்று அவர் அலமாரியில் வெள்ளை நிற ஐந்து லிட்டர் கேன்கள் வரிசையாக இருக்கும்.

"காலையில எழுந்து முதல்ல போறத விட்டுடணும். அதுக்கப்புறம் போறது எல்லாம் இதுக்குள்ள. மறுநாள் காலையில எழுந்ததும் போறதையும் சேர்த்து ஊத்தி மூடிக் கொண்டு வரணும். ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

கிரேன்காரர் கேனை ஒருமுறை, டாக்டரை ஒருமுறை பார்த்தார். "அஞ்சு லிட்டர் வராதுங்களே டாக்டர்."

"நிரப்பணும்னு போட்டி ஒண்ணும் இல்ல. வர்றது வரட்டும்."

விடுமுறை நாளில் வீட்டிலிருந்தபடி சேர்த்துக் கொண்டு வந்தார். கேனின் மேல் அவர் மனைவி கொட்டை எழுத்தில் "தொடாதே" என்று எழுதி ஒட்டியிருந்தார். ரிப்போர்ட் வந்தது. இரண்டு லிட்டர் நானூறு மில்லி. உப்பு அளவோடு இருந்தது, மற்றதெல்லாம் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி இருந்தது. இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த மனிதருக்குக் கல் வரவே கூடாது.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. "நீங்க லீவு நாள்ல பிடிச்சிருக்கீங்க. லீவு நாள்ல எல்லாரும் நல்லவங்கதான். வேலை நாள்ல பிடிச்சிட்டு வாங்க."

"கேனோட கிரேன்ல ஏறணுமா டாக்டர்?"

"ஏறணும்."

"விடமாட்டாங்க டாக்டர்."

டாக்டர் லெட்டர் எழுதிக் கொடுத்தார்.

துறைமுக வாசலில் செக்யூரிட்டி அந்தக் கேனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாராம். காலி கேனை எதற்கு மேலே கொண்டு போகிறாய் என்று கேட்டாராம். நிரப்பிக்கொண்டு வரத்தான் என்று கிரேன்காரர் உள்ளதைச் சொன்னார். டாக்டர் லெட்டரைக் காட்டியதும் உள்ளே விட்டுவிட்டார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது செக்யூரிட்டி ஆள் மாறியிருந்தார். லெட்டரைப் பழைய ஆள் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார், புது ஆளுக்கு அந்த விவகாரம் தெரியாது. கேனில் ஏதோ தளும்புவதைப் பார்த்ததும் டீசல் திருட்டு என்றே முடிவு கட்டிவிட்டார்.

"மூடியத் திற."

"வேண்டாம்ணே."

"திறன்னா திற. மோந்து பாத்தாத்தான் விடுவேன்."

கிரேன்காரர் திறந்தார். அன்றைக்குப் பிறகு அந்த செக்யூரிட்டி அவருடைய பையைச் சோதித்ததே இல்லை.

டாக்டர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தது இரண்டு அறை தள்ளிக் கேட்டது. ஆனால் ரிப்போர்ட் வந்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு லிட்டர் முன்னூறு மில்லி. வேலை நாளிலும் எல்லாம் சரியாகவே இருந்தது.

டாக்டர் தோற்றுப்போன முகத்தோடு இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கம் பக்கமாக வைத்தார். "எனக்குப் புரியல. நீங்க தண்ணி குடிக்கிறீங்க, நல்லா போகுது, உப்பு குறைச்சிருக்கீங்க. உங்க உடம்புல எல்லாம் சரியா இருக்கு. கல் மட்டும் வருது. தினமும் இப்படித்தான் குடிக்கிறீங்களா?"

"இல்லங்க டாக்டர். அன்னைக்குதான் நிம்மதியா குடிச்சேன்."

"அன்னைக்கு மட்டும் என்ன?"

கிரேன்காரர், இது தெரியாதா என்பது போலப் பார்த்தார். "கேன் இருந்துச்சே டாக்டர்."

மருந்துச்சீட்டை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"கேன் இல்லாத நாள்ல?"

"ஷிஃப்ட் எட்டு மணி நேரம் டாக்டர். நடுவுல சாப்பாட்டுக்கு ஒருவாட்டி இறங்குவோம். மத்தபடி மேலயே தான். பாத்ரூம் கேன்டீன் கிட்ட. கிரேன்லேர்ந்து இறங்கி, பெட்டிங்க அடுக்கின யார்டு குறுக்கால நடக்கக் கூடாதுங்கிறதால வேனுக்கு நின்னு, போயிட்டு வந்து மறுபடி ஏறினா நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் கப்பல் சும்மா நிக்கும். அதனால காலையில எழுந்ததிலேர்ந்தே குடிக்கமாட்டேன். ஏறுறதுக்கு முன்னால வாய் நனைக்கிறதோட சரி. வீட்டுக்கு வந்து மொத்தமா குடிப்பேன். நான் மட்டும் இல்ல டாக்டர், எல்லாரும் அப்படித்தான்."

"அப்ப தினமும் ஒரு கேன் எடுத்துட்டுப் போகலாமே?"

"கூடாதுங்க. போன வருஷம் ஒருத்தர் வச்சிருந்த பாட்டில் மேலேர்ந்து விழுந்து லாரி கூரையே நசுங்கிடுச்சு. அதோட கேபின்ல எதுவும் வைக்கக் கூடாதுன்னு ஆர்டர். அன்னைக்கு உங்க லெட்டர் இருந்ததால விட்டாங்க."

"மூணு வருஷமா இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க தண்ணி குடிங்கன்னு சொன்னீங்க டாக்டர். நான் சரின்னு சொன்னேன்." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொல்லும் குரல். "பதினோரு வருஷத்துல அந்த ஒரு நாள்தான் மேல உக்காந்து சௌகரியமா இருந்தேன்."

அவர் போன பிறகு டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம் குடிங்க என்று சொல்லியிருப்பார். குடித்தால் எங்கே போவீர்கள் என்று ஒரு ஆளிடம்கூடக் கேட்டதில்லை. காற்று போன பலூன் மாதிரி ஆகிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் டீ போடும்போது கணவரிடம் இதைச் சொன்னார். பூகோள வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுவிட்டு, "நானும் ஸ்கூல்ல பத்து மணிக்கு மேல தண்ணி குடிக்கிறதில்ல" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?"

"தொடர்ந்து அஞ்சு பீரியட். நான் நடுவுல வெளிய போனா கிளாஸ் ரெண்டுபடும். அதான்."

"இத்தன வருஷமா கூட இருக்கேன். சொல்லவே இல்ல."

"நீ கேக்கல" என்றார் வாத்தியார், தலையை நிமிர்த்தாமல்.

டாக்டர் டீயோடு ஒரு சொம்பு தண்ணீரையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

மறுவாரமே துறைமுகத்துக்கு அனுமதி கேட்டு எழுதினார். நோயாளியின் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும், சிகிச்சைக்குத் தேவை என்று காரணம் காட்டினார். யார்டு மேனேஜர் யோசித்துவிட்டு, ஒரு மணி நேரம் என்று சம்மதித்தார். மஞ்சள் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு டாக்டர் நாலாம் நம்பர் கிரேனின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். உச்சி தெரியவில்லை. லிஃப்ட் கதவில் "பழுது" என்று அட்டை தொங்கியது. அந்த அட்டையே வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

"எத்தன படி?"

"இருநூத்திப் பத்து டாக்டர்" என்றார் கிரேன்காரர். "பழகிடும்."

மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினார். மேலே போனதும் தொண்டை வறண்டு, தான் ஊருக்குச் சொல்லும் புத்திமதியைத் தானே கடைப்பிடித்து, மேனேஜரின் தனி அனுமதியோடு கொண்டுபோன ஒரு லிட்டர் பாட்டிலை மளமளவென்று காலி செய்தார்.

கேபின் ஒரு கண்ணாடிப் பெட்டி. தரையும் கண்ணாடி. ஓட்டுபவர் சீட்டில் முன்னால் குனிந்து, இரண்டு முழங்காலுக்கு நடுவே நேர் கீழே பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். மூன்று பக்கமும் வெயில். பழகுகிற ஆட்களுக்கென்று ஓரத்தில் மடக்கு நாற்காலி ஒன்று இருந்தது. டாக்டர் அதில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு பெட்டி. ஊஞ்சல் மாதிரி ஆடுகிற பெட்டியைக் கிரேன்காரர் ஒரு விரல் அசைவில் நிறுத்தி லாரி மேல் வைப்பதைப் பார்க்கப் பார்க்க டாக்டருக்கு ஆச்சரியம். தன் எதிரே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரா இவர் என்று தோன்றியது.

ஐம்பது நிமிஷம் அப்படிப் போனது. அதற்கப்புறம் டாக்டருக்குப் பெட்டிகளின் மேல் கவனம் நிற்கவில்லை. காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். தூரத்தில் தெரிந்த கேன்டீன் கூரையைப் பார்த்தார். மறுபடி காலை மாற்றினார்.

கிரேன்காரர் திரும்பாமலே கேட்டார். "டாக்டர், இறங்கணுமா?"

"ஆமாம். கொஞ்சம் சீக்கிரம்."

"ரேடியோல சொல்லணும் டாக்டர். சொல்லாம கிரேன நிறுத்தக் கூடாது. வேனும் வரணும்."

"சொல்லுங்க."

"காரணமும் சொல்லணும்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கிரேன்காரர் மைக்கை அழுத்தினார். "கிரேன் நாலு, கிரேன் நாலு. வேலைய நிறுத்தறோம். டாக்டர் பாத்ரூம் போகணும். வேன் அனுப்புங்க."

அந்த ரேடியோ எல்லாக் கிரேன்களிலும், எல்லா லாரிகளிலும், கப்பல் மேல் நிற்கிற ஆட்களிடமும், யார்டு மேனேஜர் மேஜை மேலும் ஒரே நேரத்தில் பேசக்கூடியது. துறைமுகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இன்னொன்று பதில் கொடுத்தது.

இருநூற்றுப் பத்துப் படி இறங்கி, வேனுக்கு நின்று, யார்டைச் சுற்றிக் கேன்டீனுக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வெளியே வந்தபோது யார்டு மேனேஜர் முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கேன்டீன் முழுக்கக் கண்கள்.

"டாக்டர், உங்களுக்கு இப்படி ஒரு சிரமம் ஆயிட்டதுக்கு..."

"எனக்கு ஒரு நாள் சார்" என்றார் டாக்டர். "இவங்களுக்குத் தினமும். அதுவும் இவங்க ரேடியோல சொல்லவும் வெக்கப்படறாங்க. அதனால தண்ணியே குடிக்கறதில்ல. உங்ககிட்ட எத்தன கிரேன் ஆளுங்க?"

"இருபத்திரண்டு பேர்."

"எத்தன பேருக்குக் கல் இருக்குன்னு தெரியுமா?"

தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியாது. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதைப் போல. பிறகு இன்னொருவர். ஓரத்து மேஜையில் அந்தத் துறைமுகத்தின் ஒரே பெண் கிரேன் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரைப் பார்த்தார்.

"எனக்குக் கல் வரல டாக்டர்" என்றார் அவர். "அடிக்கடி எரிச்சல்தான் வருது. நான் முந்தின நாள் சாயங்காலமே தண்ணிய நிறுத்திடுவேன்."

மேனேஜர் தரையைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு கிரேன் நின்றால் அவருக்குப் பத்து போன் வரும். "பாக்கறேன் டாக்டர், மேலே எழுதறேன்" என்றார். அவர் எழுதினாரோ என்னவோ, இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் ஹாரன் அடித்துச் சிரித்த ஆட்கள் ஒருவர் ஒருவராகத் தண்ணி டாக்டரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஒன்பது பேருக்குக் கல் இருந்தது, சிலருக்கு மிளகு அளவு, ஒருவருக்குக் கோலிக்குண்டில் பாதி. பெண் ஓட்டுநருக்குச் சிறுநீர்த் தொற்று. பத்துப் பேருக்கும் டாக்டர் சீட்டு எழுதினார். மருந்து எழுதுகிற இடத்தில், எல்லோருக்கும் அச்சடித்த மாதிரி ஒரே வரி: "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கிக் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஒரு வேளையும் தவறக் கூடாது." கீழே கையெழுத்து, முத்திரை.

நர்ஸ் படித்துப் பார்த்தார். "டாக்டர், இத எந்த மெடிக்கல் ஷாப்புல குடுப்பாங்க?"

"துறைமுகத்துல குடுப்பாங்களான்னு பாப்போம் சிஸ்டர்."

நாலாவது நாள் யார்டு மேனேஜர் போன் செய்தார்.

"டாக்டர், பத்து பேருக்கும் ஒரே மருந்து எழுதியிருக்கீங்க."

"காரணம் ஒண்ணுதானே சார்."

"பத்து பேர் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ இறங்கினா நான் கப்பல எப்படி அனுப்பறது?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் கப்பல் டாக்டர் இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க. அன்னைக்கு நாலாம் நம்பர் கிரேன்காரருக்கு வலி வந்தப்ப பெட்டி கீழ லாரி மேல விழுந்திருந்தா அதுக்கு மருந்து எந்தக் கடையிலயும் கிடைக்காது."

அந்த விஷயம் மேனேஜருக்கே தெரிந்திருக்கவில்லை. கிரேன்காரர் விழுந்தது தெரியும், கட்டி இறக்கியது தெரியும். கையில் இருபது டன் தொங்கிக்கொண்டிருந்தபோது வலி வந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்டிருக்கவில்லை.

எட்டு மாதம் ஆயிற்று. முதலில் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. பிறகு ஒவ்வொரு கிரேன் அடியிலும் ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு நீலக் கழிப்பறைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அதையும் ஒரு கிரேன்தான் தூக்கி வைத்தது. ஒரு கிரேனுக்கு இரண்டு பேர் என்று போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி ஏறும்படி ஷிஃப்டை மாற்றினார்கள். பெண்ணுக்கென்று தனிப் பெட்டி வர இன்னும் மூன்று மாதமும் டாக்டரின் இன்னொரு கடிதமும் தேவைப்பட்டன.

அதற்காக எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஒன்பது பேரில் இருவருக்கு அடுத்த வருஷமும் கல் வந்தது. ஒருவரைத் துருவிக் கேட்டதில் குட்டு வெளிப்பட்டது. கீழே இறங்குகிற ஒவ்வொரு தடவையும் கேன்டீனில் ஒரு உப்புத் தீனிப் பாக்கெட் வாங்கி, ஓய்வு நேரம் முழுக்கக் கொறித்திருக்கிறார். இன்னொருவருக்குப் பரம்பரைக் கோளாறு, அவருக்கு மாத்திரை தேவைப்பட்டது. கிரேன்காரருக்கு இடது பக்கத்தில் பழைய துணுக்கு ஒன்று மிச்சம் இருந்தது. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். நாலு வருஷமாக அது வளரவும் இல்லை, நகரவும் இல்லை, கூட்டாளியும் சேர்க்கவில்லை. அவர் இப்போது புது ஆட்களுக்குக் கிரேன் ஓட்டப் பழக்குகிறார். பேச்சு கொஞ்சம் அதிகமாகியிருப்பதாக அவர் மனைவி சொன்னார்.

டாக்டரின் அறையில்தான் பெரிய மாற்றம். நோயாளி வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "என்ன வேலை பாக்கறீங்க, நடுவுல எங்க போவீங்க?" என்று ஆகிவிட்டது. இந்தக் கேள்விக்கு "ம்" என்று தலையாட்டிவிட்டுப் போக முடியாது. பஸ் கண்டக்டர், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண், பேங்க் காஷியர் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிலருக்கு வழியே கிடைக்கவில்லை. எழுபது பேரைப் பார்த்த காலையில் இப்போது ஐம்பது பேரைத்தான் பார்க்க முடிந்தது. வெளியே கூட்டம் சலசலத்தது. நர்ஸ் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, மூன்றாம் நாள் தானே அரை மணி முன்னால் வந்து டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார். கொடுக்கும்போதே பாதிக் கேள்வியை அவரே கேட்டு முடித்துவிடுவார். பூகோள வாத்தியாருக்கும் விசாரணை நடந்தது. இப்போது மூன்றாம் பீரியட் முடிந்து நான்காம் பீரியட் ஆரம்பிக்கிற இடைவெளியில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஐந்து நிமிஷம் இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார், பதிலுக்கு இவரும்.

ஒரு நாள் மதியம் சர்ஜன் இனிப்புப் பெட்டியோடு எதிர் அறையிலிருந்து வந்தார். "துறைமுகத்துலேர்ந்து இந்த வருஷம் கேஸே வரல. என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

டாக்டர் ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நீங்க இன்னைக்கு எத்தன மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனீங்க?"

"ஏழு மணிக்கு."

"இப்ப மணி ஒண்ணரை. நடுவுல எத்தன தடவ வெளிய வந்தீங்க?"

சர்ஜன் இனிப்புப் பெட்டியை மூடினார். "அஞ்சு கேஸ் வரிசையா இருந்துச்சு" என்றார்.

"தண்ணி?"

"காலையில ஒரு காபி."

"எழுந்திருங்க" என்றார் டாக்டர். "ஸ்கேன் ரூம் இப்ப காலியாத்தான் இருக்கும்."

இருபது வருஷமாக ஊரார் கல்லை எடுத்த மனிதர் படுக்கையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரே பக்கத்தில் நின்று திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வலது பக்கம் சுத்தம். இடது பக்கமும் சுத்தம். ஒரு துணுக்குகூட இல்லை.

இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து ஆபரேஷன் பட்டியலில் மூன்றாவது கேஸுக்கும் நான்காவது கேஸுக்கும் நடுவே கால் மணி நேரம் எதுவும் எழுதாமல் விடப்பட்டது. என்ன காரணம் என்று தியேட்டர் நர்ஸுகள் கேட்கவில்லை. அவர்களும் அந்தக் கால் மணி நேரத்தில் வரிசையாக வெளியே போய்வந்தார்கள்.